நோன்பு மாதத்தில் ஒரு தராசுக்காரன்

ஜனங்கள் பகலில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நிறுத்துப் பார்ப்பதற்காகத் தராசைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து போனவன் நான். போய் இறங்கியது நோன்பு மாதத்தில். என் அறிவை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. மதுரையில் எங்கள் தெருவுக்கு அடுத்தது பள்ளிவாசல் தெரு. வருஷா வருஷம் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக் குடித்து வளர்ந்த உடம்பு இது. அப்படியும் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது நான் பார்த்தது தினசரிக் காலண்டரின் நல்ல நேரத்தை. பிறையைப் பார்க்கத் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் எங்கள் பேராசிரியருக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வலை இழுத்தவர்களும் தறி நெய்தவர்களும் கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு சர்க்கரை வியாதி ஏன் இப்படி முந்திக்கொண்டு வருகிறது? தட்டில் எதை மாற்றினால் அது வராமல் தடுக்கலாம்? நம் கரையிலும் சோறு, மீன், தேங்காய். இலங்கையின் கிழக்குக் கரையிலும் சோறு, மீன், தேங்காய். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். கல்முனையில் ஒரு டாக்டர் உள்ளூர்த் துணைக்குச் சம்மதித்தார். வீடு வீடாகப் போய்ச் சோற்றை நிறுக்க ஓர் ஆள் வேண்டும். படித்த பையன்கள் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். நான் இருந்தேன்.

அம்பாறையில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் என் கோணிப்பையைத் தடவிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்து இருக்கைப் பெரியவர் எனக்காகத் தமிழாக்கினார்.

"பழைய இரும்பு யாவாரமா எண்டு கேக்கான்."

"இல்லை ஐயா, தராசு. சோறு நிறுக்க."

பெரியவர் அதைச் சொன்னதும் பஸ் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னார்.

"ஆள் மெலிவுதான், தராசுக்குத்தான் டிக்கெட் போடோணும் எண்டு சொல்றான்" என்றார் பெரியவர்.

போட்டார்கள். தராசு என் மடியில் உட்கார்ந்து முழு டிக்கெட்டில் பயணம் செய்தது.

மருதமுனையில் என்னை ஏற்றுக்கொண்டவர் சலீம் காக்கா. சாரம் என்கிற கைலியும் சேலையும் நெய்கிற தறிகள் வைத்திருப்பவர். நெய்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட ஒரு பழைய வேன் உண்டு. அந்த வேன் போகிற ஊருக்கெல்லாம் நானும் போகலாம் என்பது ஏற்பாடு. காக்கா என்றால் அங்கே அண்ணன். ஆனால் அவருக்கு என் அப்பா வயது இருக்கும். நல்ல ஆகிருதி, மெதுவான குரல். ஒரு நாளைத் தவிர, யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

வந்த அன்றே அவர் ஒன்றைச் சொன்னார்.

"தம்பி, உங்கட ஆராய்ச்சிக்கு என்னையும் எழுதிக்கொள்ளுங்க. எனக்கும் சீனி வருத்தம் இரிக்கி."

நம் சர்க்கரை வியாதிக்கு அங்கே சீனி வருத்தம் என்று பெயர்.

"டாக்டர் நோன்பு பிடிக்கலாம்னு சொல்லியிருக்காரா?"

"பிடிக்கவே கூடாது எண்டு சொன்னாரு. நான் ஓம் எண்டு சொன்னன்."

"அப்புறம்?"

"பொறகென்ன? பிடிக்கிறன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவுக்கு மறைவில், திரைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காக்கா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"தம்பி, நான் சொன்னாக் கேக்கமாட்டார். டொக்டர் சொன்னாலும் கேக்கமாட்டார். நீங்க வேன்ல கூடப் போறவர். அவர்ட முகத்தைப் பார்த்து வைங்க. ஒரு மாதிரியா இரிந்தா உட்டுடாதீங்க."

பார்த்துக்கொள்கிறேன் ராத்தா என்றேன். சோறு நிறுக்க வந்தவன் ஒரு மனிதரின் முகத்துக்குக் காவல்காரன் ஆனது இப்படித்தான்.

அன்று மாலை நோன்பு திறப்பு. பேரீச்சம்பழம், தேங்காய்ப்பாலும் இறைச்சியும் போட்டுக் குழைத்த கஞ்சி, பெரிய பெரிய வத்தகப்பழத் துண்டுகள், அதாவது நம் தர்பூசணி. எங்கள் பள்ளிவாசல் தெருக் கஞ்சியைவிட இது கெட்டி, இஞ்சி தூக்கல். தொழுகை முடிந்து வந்ததும், விருந்தாளி வந்திருக்கிறார் என்று பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். சஹன் என்பது ஒரு பெரிய வட்டத் தட்டு. மலைபோலச் சோறு, மேலே மீனும் கறியும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட வேண்டும்.

என் தராசின் கதை அங்கேயே முடிந்தது. மொத்தச் சோற்றை நிறுத்துவிட்டேன், சரி. யார் எவ்வளவு தின்றார்கள்?

"ஆறாலே பிரிச்சு உடுங்க சேர்" என்றான் லத்தீப். வேன் ஓட்டுகிறவன். முப்பது வயசு, ஒல்லி. ஆனால் அவன் சாப்பிடும் வேகத்தைப் பார்த்த பிறகு ஆறால் வகுப்பது மற்ற ஐந்து பேர் மேல் சுமத்தும் அவதூறு என்று புரிந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொருவரும் நல்ல மீன் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள். எல்லாம் கடைசியில் என் பக்கம் வந்து சேர்ந்தது. இனிப்பு வட்டிலப்பமோ காக்காவின் பக்கம் போய்ச் சேர்ந்தது. பகல் முழுக்க வாய் கட்டியிருந்த மனிதர். யார் தடுப்பது? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் நன்றாக, மகிழ்ச்சியாக இருந்தது.

பகல் சாப்பாடு எனக்கு மட்டும். ராத்தா தானும் நோன்போடு எனக்காக மத்தியானம் உலை வைத்தார். வேண்டாம் என்றதற்கு, விருந்தாளியைப் பட்டினி போட்டால் எங்கட நோம்பு சேராது என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தறிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்து தின்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளிகள் வறண்ட தொண்டையோடு தறியை இழுத்துக்கொண்டிருப்பார்கள். பொரித்த அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்குப் பயந்து அதைக் குழம்பில் ஊறவைத்து விழுங்கினேன். அப்பளம் என்கிற பிறவிக்கு நான் செய்த துரோகம் அது.

வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கேலி. வெளியே வந்து காக்காவைச் சீண்டுவேன்.

"காக்கா, உள்ளே இன்னொரு ஆள் சோறு மிச்சம் இருக்கு. போய்ச் சாப்பிடுங்க. நான் வாசல்ல காவல் நிக்கிறேன்."

"நோம்பு மாசத்தில ஷைத்தானையெல்லாம் கட்டிப்போட்டிரிக்கு எண்டுதான் கேள்வி" என்பார் காக்கா. "ஒண்டு மட்டும் கயித்தை அறுத்துக்கொண்டு மதுரையால வந்திரிக்கி."

லத்தீப் விழுந்து விழுந்து சிரிப்பான். அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. நிந்தவூர், ஒலுவில் என்று எங்கே வேன் நின்றாலும் நான் ஒரு தேநீர்க்கடையைக் காட்டி, "காக்கா, ஒரே ஒரு தேத்தண்ணி, யாரும் பார்க்கலை" என்பேன். லத்தீப் அதற்காகவே காத்திருப்பான். இந்த வேடிக்கைக்கு நான் என்ன விலை கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் வாயில் துணியை அடைத்துக்கொண்டிருப்பேன்.

மாவடிப்பள்ளிக்குப் போன அன்று கச்சான் காற்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. மேற்கே மலைப்பக்கமிருந்து வருகிற வறட்டுக் காற்று. உதடு வெடிக்கும், கண் எரியும், துவைத்த துணி கொடியில் போட்டுக் கையெடுப்பதற்குள் காய்ந்துவிடும். மதுரை வெயிலில் பிறந்து வளர்ந்தவன் என்று பெருமையடித்திருந்தேன். அந்தக் காற்று என்னைப் பத்து நிமிஷத்தில் வற்றலாக்கிவிட்டது.

விவசாயிகளின் வீடுகள். நான் சோற்றையும் ஆணத்தையும் பற்றிக் கேட்டு எழுதினேன். ஆணம் என்றால் குழம்பு. ஒரு வீட்டுப் பெண், "நேத்துப் பகல் என்ன சாப்பிட்டீங்க எண்டா கேக்கார் இவர்?" என்று உள்ளே திரும்பிச் சொல்ல, வீடே சிரித்தது. காக்கா வழக்கமாக என்கூட வீட்டுக்குள் வந்து, "பயப்படாமச் சொல்லுங்க, நம்மட ஆள்தான்" என்று அறிமுகப்படுத்துவார். அன்று வேனிலேயே இருந்துகொண்டார்.

திரும்பி வரும்போது லத்தீப் வேனை ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டான். காக்கா அவனைப் பார்த்துக் கத்தினார். கண்ணில்லாதவனே என்று கத்தினார். லத்தீப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திகைத்துப்போய்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை அவனும் கேட்டதில்லை.

வயல்களுக்கு நடுவே, காரைதீவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், வேன் புகைவிட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. லத்தீப் வாளியோடு வாய்க்காலுக்கு ஓடினான்.

"இந்தக் கூட்டத்துல நோன்பு பிடிக்காதது இந்த வேன் ஒண்ணுதான். எவ்வளவு தண்ணி குடிக்குது பாருங்க காக்கா" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். காக்காவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வேர்வை என்பதே தங்காத அந்தக் காற்றில்! மடியிலிருந்த கைவிரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. ராத்தாவின் குரல் என் காதில் கேட்டது.

"காக்கா, உடம்புக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. நோம்புக் களைப்பு."

"குளிசை எப்பப் போட்டீங்க?" மாத்திரைக்கு அங்கே குளிசை என்று பெயர்.

"சஹருக்கு."

சஹர் என்பது விடியுமுன் சாப்பிடும் சாப்பாடு. "காலையில் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னுதானே டாக்டர் குடுத்திருக்கார்? மத்தியானப் பங்கை என்ன பண்றீங்க?"

"பகல்ல வாய் கட்டிக் கிடக்கும்தானே. ரெண்டையும் சஹருக்கே போட்டுருவன். நோம்பு தொடங்கின நாளையிலயிருந்து அப்படித்தான்." நாக்கு கனத்து, வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"இன்னைக்கு சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"எழும்பப் பிந்திட்டு... ஒரு வாழப்பழம். பாங்கு சொல்லிட்டான்."

பாங்கு என்பது தொழுகைக்கான அழைப்பு, விடியலில் அது கேட்ட பிறகு ஒரு வாய் தண்ணீரும் கூடாது. நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இதே வேர்வையை ஒரு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு மாத்திரையும் சேர்ந்து, வெறும் வயிற்றில், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையெல்லாம் வழித்துத் துடைத்துவிடும். அந்த வார்டில் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து வாயில் குளுக்கோஸைக் கொட்டினாள். இல்லாவிட்டால் அந்த ஆள் மயங்கியவர் மயங்கியவராகவே போயிருப்பார் என்றார்கள். இங்கே நர்ஸும் இல்லை, குளுக்கோஸும் இல்லை. வயல்தான் இருந்தது.

"லத்தீப், காக்காவுக்கு உடனே சர்க்கரை குடுக்கணும். சீனி, தேத்தண்ணி, எதாவது."

லத்தீப் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தான். "தொடங்கிட்டீங்களா சேர்?"

"விளையாட்டு இல்லை லத்தீப்."

"நீங்க ஒருநாளும் விளையாட்டு எண்டு சொல்லித் தொடங்கினதில்லத்தானே."

அப்போது காக்கா கண்ணைத் திறந்து லத்தீபைப் பார்த்து, "வாப்பா, எப்ப வந்த?" என்றார். வாப்பா என்றால் அப்பா. அவருடைய வாப்பா மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷம். லத்தீபின் சிரிப்பு அப்படியே நின்றது.

வயலில் நின்றவர்கள் மண்வெட்டியோடு வந்து கூடினார்கள். எல்லோரும் நோன்பாளிகள். நல்ல மனிதர்கள். ஒருவர் குடையை விரித்து வெயிலை மறைத்தார். ஒருவர் தலைத் துண்டை வாய்க்காலில் நனைத்துக் காக்காவின் உச்சியில் வைத்தார். ஒருவர் ஓலை மட்டையால் விசிறினார். "நோம்பு மயக்கம். மஹ்ரிப் வரக்குள்ள தெளிஞ்சிரும்" என்றார் குடைக்காரர். மஹ்ரிப் என்பது சூரியன் மறைகிற நேரத்துத் தொழுகை, நோன்பு திறக்கும் நேரம். சூரியன் மலைக்கு மேலே தாராளமாக நின்றது. அந்த மனிதர்கள் காக்காவுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள். ஒன்றைத் தவிர. அவர் வாயில் எதையும் வைக்க மாட்டார்கள். அவருடைய நோன்பை அவருக்காக அத்தனை பேரும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருடைய சைக்கிளைக் கேட்காமலே எடுத்தேன். காரைதீவுச் சந்தியில் தேநீர்க்கடை உண்டு. அது தமிழர்கள் ஊர், கடை பகலில் திறந்திருக்கும். சைக்கிள் என் உயரத்துக்குப் பெரியது, பிரேக் வேலை செய்யாது என்பது சந்தியில்தான் தெரிந்தது. கடை முன்னால் கிடந்த பெஞ்சில் மோதி இறங்கினேன்.

"ஐயா, ஒரு தேத்தண்ணி. நிறையச் சீனி போட்டு. சீக்கிரம், ஒரு போத்தல்ல ஊத்திக் குடுங்க."

"ஆருக்குத் தம்பி இவ்வளவு அவசரமா?"

உலகத்தில் எந்தப் பொய்யையும் சொல்லியிருக்கலாம். "சலீம் காக்காவுக்கு. வேன்ல மயங்கிட்டார்" என்றேன்.

கடைக்காரர் எடுத்த கிளாஸைக் கீழே வைத்தார். "காக்கா நோம்பு எல்லோ?"

"ஆமா. ஆனா குடுக்கலேன்னா செத்துப்போவார்."

"என்ன தம்பி கதைக்கிறீங்க? அவர்ட நோம்ப நானா முறிக்கிற? இஞ்ச பாருங்க." அவர் காட்டிய இடத்தில் வடைத் தட்டு வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. கடை வாசலில் ஒரு சாக்கு தொங்கியது. "அவங்கட ஆக்கள் றோட்டால போகக்குள்ள கண்ணில படப்படாது எண்டு மாசம் முழுக்க மூடி வச்சிருக்கன். நாளைக்கு அவங்கட முகத்தில நான் எப்படி முழிக்கிற? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க. என்ட கடைத் தேத்தண்ணியால வேணாம்."

வாதாட நேரமில்லை. மேசையில் இருந்த சீனி டின்னில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். அவர் "டேய்!" என்று கத்துவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

போகும்போது முதுகில் தள்ளிய கச்சான் இப்போது நெஞ்சில் மோதியது. ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் சீனி. விரலிடுக்கில் வெள்ளையாகக் காற்றில் பறந்து போனது. இறுக்கிப் பிடித்தேன். பிடித்ததில் கை வியர்த்து மிச்சச் சீனி கரையத் தொடங்கியது. வேன் கண்ணுக்குத் தெரிந்தது, கிட்டே வரவில்லை. அழுதேனா கண்ணில் புழுதியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காக்காவின் தலை சீட்டில் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் முனகினார், கண் திறக்கவில்லை. நான் கையை விரித்தேன். உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒரு பாகு. அதை அவர் வாய்க்குக் கொண்டுபோனபோது லத்தீப் என் மணிக்கட்டைப் பிடித்தான். ஒல்லியானவன்தான், பிடி இரும்பு.

"சேர், இன்னும் கொஞ்ச நேரந்தானே..."

"அதுவரைக்கும் இருக்கமாட்டார் லத்தீப்."

குடைக்காரர், "வருத்தக்காரனுக்கு மார்க்கத்தில இடமிரிக்கித்தான்" என்று முணுமுணுத்தார். ஆனால் யாரும் முன்னே வரவில்லை. லத்தீப் காக்காவைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், என் முகத்தை வெகுநேரம் பார்த்தான். அங்கே ஒரு கேலி ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறான் என்பது எனக்குப் புரிந்தது. சாகிற மட்டும் அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

"உங்கட கையால வேணாம்" என்றான். "நாளைக்கு மறுமையில கேட்டா நான் சொல்லிக்கொள்றன்."

பிஸ்மில்லா சொல்லி, என் உள்ளங்கையிலிருந்த பாகை விரலால் வழித்து, காக்காவின் உதட்டை விலக்கி ஈறில் தடவினான். மறுபடி வழித்தான். மறுபடி தடவினான். என் கை காலியாகும்வரை.

அந்நேரம் பின்னால் சைக்கிள் மணி. கடைக்காரர்! போத்தல் ஒன்றைத் தோள் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். போத்தலை லத்தீபிடம் கொடுத்துவிட்டு, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி துண்டை விரித்து வேன் ஜன்னலை மறைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

காக்கா விழுங்க ஆரம்பித்தார். முதலில் பாதி வெளியே வழிந்தது. பிறகு வழியவில்லை. பிறகு அவரே போத்தலைப் பிடித்தார். கண் தெளிந்தது.

"பாங்கு சொல்லிட்டா?" என்று கேட்டார்.

லத்தீப் தலையைக் குனிந்துகொண்டான். குடைக்காரர் குடையைச் சரித்து வெயிலை மறைக்கப் பார்த்தார். ஆனால் துண்டின் ஓரத்தில் வெளிச்சம் இருந்தது, எல்லாருக்கும் தெரிகிற வெளிச்சம். காக்கா அதைப் பார்த்தார். கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு தலையில் கிடந்த ஈரத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். லத்தீப் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி வேனைக் கிளப்பினான். கல்முனை ஆஸ்பத்திரி வரும்வரை காக்கா அந்தத் துண்டை எடுக்கவில்லை.

டாக்டர் எங்கள் ஆராய்ச்சிக்குத் துணையாக இருந்தவர்தான். ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இவர் உயிரோட வந்தது பெரிய விஷயம். மருந்து உடம்பில இருக்கும் மட்டும் திரும்பவும் இறங்கும்" என்று சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார். மறுநாள் காக்காவிடம் ஒன்றே சொன்னார். "இப்படியே நோம்பு பிடிச்சா, அடுத்த முறை உங்களை இஞ்ச கொண்டுவர வேண்டிய தேவை இருக்காது." காக்கா ஓம் என்று சொன்னார். அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. காக்காட நோம்ப முறிச்ச இந்தியாக்காரன். நான் போன வீடுகளில் கதவு திறந்தது, பேச்சு திறக்கவில்லை. சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், ஆண்கள் இல்லை, பொறகு வாங்க என்றார்கள். உள்ளே ஆண்கள் இருமுவது கேட்டது. லத்தீப் ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் இறங்கி, "வாயில வச்சது நான். இவர் இல்ல" என்று சொன்னான். அவனையும் அப்படித்தான் பார்த்தார்கள். மாலையில் கஞ்சி வந்தது, கோப்பை நிறைய வந்தது. சஹனில் எனக்கு இடமும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய காக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. மீன் துண்டை என் பக்கம் தள்ளவுமில்லை.

அவர் வீடு திரும்பிய மறுநாள் விடியலில் நான் படுக்கையில் விழித்துக் கிடந்தேன். கிணற்றடியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. வாளி சத்தம். முகம் கழுவுகிறார். பிறகு சமையலறைப் பக்கம் போகாமல் நேரே தொழப் போய்விட்டார். சஹருக்குச் சாப்பிடாமலே நோன்பா? மாத்திரை? காலை முழுக்க ஒரு கணக்கும் எழுதாமல், தறிகளுக்கு நடுவே அவர் நடமாடுவதையே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கிறதா, கை ஆடுகிறதா என்று. அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நூலை ஆராய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். எனக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்?

மத்தியானம் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா கூப்பிட்டார். சாப்பாடு வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் என்று போனேன்.

"குளிசைப் போத்தல் என்ட முந்தானையில முடிஞ்சிரிக்கி தம்பி" என்றார். "மௌலவி வந்துட்டுப் போனார். மாறாத வருத்தம் எண்டா விடுற ஒவ்வொரு நோம்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாக் காணும் எண்டு சொல்லிட்டார். இவர் காலைல பால் குடிச்சார். கதவைச் சாத்திக்கொண்டு குடிச்சார். அழுதுகொண்டு குடிச்சார்."

நான் முன்பக்கம் வந்தேன். லத்தீபின் சைக்கிள் வாசலில் நின்றது. காக்கா சோற்றுப் பார்சலை அதன் பின்பக்கத்தில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தறியில் மிஞ்சிய நூலைத் திரித்த கயிறு. லத்தீப் கட்டுகிறேன் என்று கை நீட்டியும் விடவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு விதவை வீட்டுக்குப் போகிறது என்றான் லத்தீப் என்னிடம், மெதுவாக.

எதையாவது பேச வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவர் உயிரோடு நிற்கிறார், அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? வேறெதுவும் தெரியாததால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

"காக்கா, எனக்கும் ஒரு பார்சல் கட்டுங்க. நானும் ஏழைதான், எங்க பேராசிரியரைக் கேட்டுப் பாருங்க."

லத்தீப் சிரிக்கவில்லை. காக்கா கடைசி முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, நிமிர்ந்தார். மாவடிப்பள்ளிக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லத்தானே? நோம்பைப் பிடிங்க."